இரண்டு வரை பொறுக்கலாம்

வாலிநோக்கம். ஏழாம் பை.
சல்லடை அடுக்கு பத்து நிமிடம் உதறி நின்றது.
நாற்பதாம் கண்ணில் தங்கியதை மட்டும் எடுத்து
லென்சுக்குக் கீழே பரப்பினேன்.

உருண்டை எத்தனை, முனை எத்தனை என்று
நான் சொல்லச் சொல்லக் கோடு போட்டாள் ஹாஜரா.
மாடி அறை அவர்களுடையது. வாடகை தருவது கம்பெனி.
"முனை இருந்தா ஆகாதா?"

ஆகாது.
மூவாயிரம் மீட்டர் ஆழத்தில் பாறையைப் பிளந்து
அந்த வாய் மூடாதபடி
முட்டுக்கொடுக்கப் போகிற மணல்.
நொறுங்கக் கூடாது. கரையவும் கூடாது.

கண்ணாடியையே தின்னும் அமிலம் என்பதால்
பிளாஸ்டிக் குவளை.
ஊற்றியதுமே சீறிற்று,
வெந்நீர்த் தொட்டியில் வைக்கும் முன்பே.
அரைமணி கழித்து வடித்து, உலர்த்தி, நிறுத்தால்
நூற்றுக்குப் பத்தொன்பது காணோம்.
இரண்டு வரை பொறுக்கலாம்.

சங்கின் உதடு, மட்டியின் தோள்,
ஏதோ நண்டு கழற்றிப்போட்ட சட்டை
எல்லாம் மணல் என்று பேர் சொல்லிக்கொண்டு
என் தராசு வரை வந்திருக்கின்றன.
நொறுக்கிப் பார்க்கும் எந்திரத்தின் உறையை
நான் கழற்றவேயில்லை.

'தேறவில்லை' என்று எழுதி முத்திரை வைத்தேன்.

மீதிப் பையை ஹாஜரா கேட்டாள்.
கோழிக்காம்.
கிளிஞ்சல் கொத்தினால்
முட்டை ஓடு கெட்டிப்படும் என்றாள்,
பதிலுக்கு நிற்காமல்
படியில் இழுத்துக்கொண்டு இறங்கியபடி.