அறுபத்தொன்று

முதல் நாள் என் கையில் தந்தது
ஒரு ஸ்க்ரூடிரைவர்.
காத்திருப்பு அறையின் நீல நாற்காலி
யார் உட்கார்ந்தாலும் இடப்பக்கம் சாய்கிறதாம்.
அடையாள அட்டையில் கெர்ட்டு என்பதற்குக்
கர்ட் என்று அச்சாகியிருந்தது.
"அடுத்த நிதியாண்டில் மாற்றிடலாம்" என்றாள் டெனிஸ்,
சிரிக்காமல்.

ஆறு வருடம் காப்பீட்டு நிறுவனத்தில்
ஆலங்கட்டி மழை நசுக்கிய கார்களுக்கு
விலை போட்டவள் நான்.
கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப்
பள்ளத்தின் ஆழம் சொல்வேன்.
ஒரு காரில், கூரைப் பள்ளங்களோடு கூடவே
பின்கதவின் உட்பலகை பிளந்திருந்தது
சின்னக் காலணி ஒன்றின் அளவில்.
"ஆலங்கட்டி அல்ல" என்று எழுதி
அந்த வரியை மட்டும் நிராகரித்தேன்.
நேர்காணலில் ஏன் இங்கே வருகிறாய் என்றார்கள்.
இதைச் சொல்லவில்லை.
சமூகம், சேவை என்று ஏதோ சொன்னேன்.
பாதிச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் வாரம் பட்டியல் வந்தது.
நூற்று நாற்பத்து மூன்று பிள்ளைகள்.
முதலெழுத்து, வயது, தொலைபேசி எண்.
பார்க்க மூன்று பேர்,
அதில் ஒருத்தி பேறுகால விடுப்பில்.
"இன்னும் வேணுமான்னு மட்டும் கேளு."
மட்டும்.

ஓர் எண் உபயோகத்தில் இல்லை.
ஒரு தாய், "ஒன்பது வயசுல பதிஞ்சேன், இப்ப பதினொண்ணு"
என்று சொல்லிவிட்டு, பில் போடும் சத்தத்துக்கு நடுவே
என்னைக் காத்திருக்கச் சொன்னாள்.
நியாயம்தான்.
ஒரு தகப்பன் "இனிமே தேவையில்லை" என்றார்.
ஏன் என்று கேட்கப்
படிவத்தில் கட்டம் இல்லை.

ஆர்.பி.யின் எண்ணில்
ஆர்.பி.யே எடுத்தான்.
அம்மாவுக்கு இரும்புத்தாதுத் துறையில் இரவு வேலை,
தூங்குகிறாள்.
"நான் எத்தனாவது?"
சொல்லக்கூடாது என்பது விதி.
அறுபத்தொன்று என்றேன்.
"போன தடவை நாப்பத்தெட்டு."

அவசரமானவர்கள் முன்னால் போய்விடுவார்கள் என்றேன்.
மூக்கால் மூச்சுவிடுவது கேட்டது.
"அப்ப நான் அவசரமாகணுமா?"

என் விரல்கள் மேசையைத் தடவின,
எதையோ தேடுவதுபோல.
வேண்டாம் என்றேன்.
வேண்டாம் என்று இன்னொரு முறையும் சொன்னேன்.

அப்போது ஏரியில் கப்பல் ஊதியது.
ஒரு நீளம், இரண்டு குட்டை.
அவன் பக்கமும் என் பக்கமும் அதே ஊதல்
அரை நொடி முன்பின்னாக.
"பாலத்தைத் தூக்குறாங்க" என்றான்.
"ஜன்னல்லேர்ந்து நிக்கிற காரெல்லாம் தெரியும். எண்ணுவேன்.
சில பேரு திரும்பிப் போயிடுவாங்க."
இன்னிக்கு எத்தனை பேர்?
"ரெண்டு. இல்ல, மூணு.
சிவப்பு வேன் திரும்பப் பாத்துச்சு. நின்னுடுச்சு."

கப்பல் போகிற வரை இருவரும் பேசவில்லை.
யாரும் போனை வைக்கவும் இல்லை.

குறிப்புக் கட்டத்தில் 'இன்னும் வேண்டும்' என்று எழுதி
அவன் கேள்வியை அவன் சொன்னபடியே கீழே எழுதி
இரண்டு கோடு போட்டு
டெனிஸின் மேசையில் வைத்தேன்.
அவள் அதை இரண்டு முறை படித்தாள்.
பிறகு பதிவேட்டைப் பார்த்து,
"ஒரு அழைப்புக்கு நாலு நிமிஷம். இதென்ன பதினேழு?" என்றாள்.

பாலம் தூக்கியிருந்தது என்றேன்.

டுலூத்தில் பிறந்தவள்.
அதற்கு மேல் கேட்கவில்லை.

அறுபத்திரண்டு. எட்டு வயது.
மணி அடிக்கிறது.