நீலம் எண்ணுதல்

முழங்கைக்கு உள்பக்கம், மிளகளவு தோல்.
கொடுத்தவர் அமிர்தகடேசன், வயது அறுபத்தேழு,
வெண்ணாற்று மதகுகளில் முப்பது வருஷம் லஸ்கர்.
கையெழுத்துப் போடுமுன் ஒன்று கேட்டார்:
"அறுத்து எடுத்த பிறகும் அதுக்கு என் வயசுதானா?"

குடுவையில் முதல் வாரம்
கெண்டைக் குஞ்சுகள் நீரோட்டம் பார்ப்பதுபோல்
ஒரே திசையில் ஒல்லியாய்க் கிடந்தன.
நிரம்ப நிரம்பப் பிரித்து வைத்தேன்,
இரண்டு குடுவை, நான்கு குடுவை.
பதினேழாவது பிரிப்பில் நின்றுவிட்டன.

சாகவில்லை. அதுதான் சிக்கல்.
ஓரம் மெலிந்து நடு தடித்து
ஆப்பம்போல் பரந்து உட்கார்ந்துகொண்டு
எதையோ கசியவிடுகின்றன,
காயமே இல்லாத இடத்தில்
காயம் காயம் என்று.
கேட்டுக்கேட்டுப் பக்கத்துச் செல்லும் மூப்படைகிறது.
மூட்டு வீங்குகிறது. ரத்தக்குழாய் விறைக்கிறது.

தஞ்சாவூரில் அன்றிரவு இரண்டு தடவை கரண்ட் போனது.
சாயம் ஊற்றிய தட்டு இன்குபேட்டருக்குள்;
நான் வெளியே, ஸ்டூலில், இன்வெர்ட்டரின் முனகலைக் கேட்டபடி.
விடிந்து லென்ஸில் கண் வைத்தால்
நூற்றுக்கு நாற்பத்தொன்று நீலம்.

போனில் சொன்னேன், தெரிந்த தமிழில்.
"தூர் வாராத வாய்க்கால்" என்றார் உடனே.
கொஞ்சம் பொறுத்து, "இல்ல இல்ல.
ஷட்டர் பாதியில சிக்கிக்கும் பாருங்க,
தொறக்கவும் மாட்டேங்கும் மூடவும் மாட்டேங்கும்,
அது.
கிரீஸ் போட்டுப் பாத்திருக்கேன்.
சம்மட்டியால அடிச்சா சில சமயம்
கரையே போயிரும்மா."

அவருடைய இடது கால் கட்டைவிரலைச்
சர்க்கரை எடுத்துப் போய் நாலு வருஷம்.
கடைமடை என்றுதான் அதைச் சொல்வார்,
மேலே எவ்வளவு திறந்துவிட்டாலும் வந்து சேராத இடம்.

நின்றுபோன செல்லால் இவ்வளவு.
நிற்கவே தெரியாத செல்லுக்கும் ஒரு பெயர் உண்டு,
அவர் மனைவியின் கோப்பில் எழுதியிருந்த பெயர்.
அதைப் போனில் சொல்லவில்லை.

ஒப்பிட ஒரு தட்டு வேண்டுமென்று
என் கையிலிருந்தும் மிளகளவு எடுத்தார்கள்.
பெயர் கிடையாது. க-09, பெண், நாற்பத்திரண்டு.
சாய்ந்து எண்ணுகிறேன், கட்டைவிரலில் கிளிக்கர்.
ஏழு. எட்டு.
இது நீலமா, கண்ணாடியில் பட்ட வெளிச்சமா?
கழுத்து வலிக்கிறது.
முதல் கட்டத்திலிருந்து
மறுபடி.