எட்டு ரூபாய் வாஷர்

முதல் அழைப்பு சாரத்திலிருந்து.
"சாரத்துலேர்ந்து பேசறேன், எரியுது, அணைய மாட்டேங்குது."
எங்கள் சாத்தான்குளத்தில் சாரம் என்றால்
இடுப்பில் கட்டுவது.
தண்ணி ஊத்துங்கக்கா, முதல்ல அவுத்துப் போடுங்க என்றேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு ஒரு ஆண்குரல் என் பெயரைக் கேட்டது,
ஊரைக் கேட்டது,
சிரித்தது.
சாரம் ஒரு பேட்டை. எரிந்தது அடுப்பின் குமிழ்.

பஸ் ஏற்றிவிட்ட அத்தான் சொல்லியிருந்தார்:
வடக்கே போற, பேச்சக் கொறச்சுக்கோ.
வந்து பார்த்தால் இவர்களுக்கும் ஒரு வடக்கு இருக்கிறது.
கடலூர்க்காரருக்குப் புதுச்சேரி.
புதுச்சேரிக்கு முத்தியால்பேட்டை.
முத்தியால்பேட்டைக்காரர் மணிக்கூண்டைத் தாண்டிக்
கையை நீட்டுவார்: அதெல்லாம் கோட்டக்குப்பம்.
எங்கே நின்று கேட்டாலும்
வடக்கு இன்னும் கொஞ்சம் தள்ளி.

தெருப்பெயர் எனக்கு நிற்காது.
பர்னரின் ஓட்டையில் கம்பி விட்டால்
வெளியே வருவதுதான் நிற்கும்.
வைத்திக்குப்பம் அஞ்சாலாட்சி வீட்டில் மீன்செதில்,
அதுவும் கருகி, நகம்போல.
நூல்பட்டறைத் தெருவில் பஞ்சு.
சுண்ணாம்புமஞ்சள் சுவருள்ள பெரிய வீட்டில்
பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் லூர்துநாயகி அம்மாள்
அடுப்பைத் துடைத்தே தேய்த்திருந்தாள்.
ஒன்றுமே வரவில்லை. அவள் சமைப்பதில்லை.
சும்மா பார்த்துட்டுப் போப்பா என்று
காசும் கொடுத்து, நாற்காலியும் போட்டாள்.
நாற்பது நிமிடம்
மகன் இருக்கும் ஊரின் குளிரைச் சொன்னாள்.

கோட்டக்குப்பம் போகும் வழியில் ஒரு சந்து.
ஒரு வரிசை வீடு புதுச்சேரி, எதிர்வரிசை தமிழ்நாடு.
கரண்ட் போனால் ஒரு பக்கம் மட்டும் போகும்.
ஐப்பசி மழையில் ஒரு வயர்
மாநிலம் விட்டு மாநிலம் தாண்டிப் போய்
யாருடைய மிக்ஸியிலோ சட்னி அரைத்ததை
நானே பார்த்தேன்.

அந்தச் சந்தில்தான்
ரஹ்மத் நாச்சியா வீட்டில் ராத்திரி கேஸ் கசிந்தது.
நோன்புக்கஞ்சி வைக்க எழுந்தவள்
தீக்குச்சியை எடுத்து, மோந்து, கீழே வைத்தாள்.
நான் போய்ச் சேரும்போது
எதிர்வீட்டு விசாலாட்சியும் அவளும்
சிலிண்டரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத்
தூக்கிவந்து சந்தின் நடுவில் வைத்திருந்தார்கள்.
தெருவே நைட்டியும் கைலியுமாக நின்றது.
ஒருவர் போனில் கத்திக்கொண்டிருந்தார்:
"எந்த மாநிலம்னா என்னத்த சொல்றது சார்,
வீடு அந்தாண்ட, சிலிண்டர் நடுவுல!"
இன்னொருவர் வேறு எண்ணுக்கு முயன்றுகொண்டிருந்தார்.

ரப்பர் வாஷர். எட்டு ரூபாய்.
வெடித்திருந்தது, அவ்வளவுதான்.
மாற்றி, சோப்புநுரை தடவி, காத்திருந்தோம்.
குமிழி வரவில்லை.
இவ்வளவு பேர் சேர்ந்து
ஒரு நுரையை இப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.
பிறகு விசாலாட்சியின் அடுப்பில்
ரஹ்மத்தின் பானை ஏறியது. நேரமாகிவிட்டது.
எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. வெந்தயம் தூக்கல்.
"நீ எந்தூருப்பா?"
சொன்னேன்.
"அது எங்க, தெக்கயா?"
ரொம்பத் தெக்கே என்றேன்.
"இருக்கட்டும்" என்றாள், மன்னிப்பதுபோல.

இப்போது அதே சந்தின் கடைசியில் மாடியறை.
படிக்கட்டு ஒரு மாநிலத்தில் தொடங்கி
எதில் முடிகிறதென்று
வீட்டுக்காரர் ஞானப்பிரகாசத்துக்கே சந்தேகம்.
அதனால் முகவரிச் சான்று இல்லை.
அதனால் கேஸ் இல்லை.
ஊரெல்லாம் நீலச்சுடர் ஏற்றிவிட்டு வந்து
மின்சார அடுப்பில் முட்டை அவிக்கிறேன்.
அத்தான் போன் பண்ணினார்:
வடக்கு எப்படிடே இருக்கு?
இன்னும் போகவில்லை என்றேன்.
கரண்ட் போயிற்று.
எதிர்வரிசையில் இருக்கிறது.