இரண்டு அழுத்தம் என்றால் வலி

தார்த்து நகரம், ஜனவரி.
ஆறு கல்லாகிக் கிடக்கிறது.
காலை ஏழரைக்கும் ஜன்னலில் இரவுதான்.
என் வேலை எளிது: ஒரு கையைப் பிடித்துக்கொண்டு
நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே கேள்வியைக் கேட்பது.

தசைகளைத் தளர்த்தும் மருந்து உடலில் ஏறுமுன்
வலது முழங்கைக்குக் கீழே பட்டையை இறுக்குவோம்,
ரத்த அழுத்தம் பார்க்கும் அதே பட்டைதான்.
எல்லைப் பாலத்தில் லாரிகள் நிற்பதுபோல
மருந்து அங்கே வந்து நின்றுவிடும்.
உடம்பு முழுக்க ஊமை.
கை மட்டும் பேசலாம்,
பேச யாராவது இருந்தால்.

பெரும்பாலும் இருப்பதில்லை.
முப்பது பேர், முப்பது கைகள்.
ஒன்றில் ஈஸ்ட் வாசம்,
ஒன்றில் மோதிரம் கழற்றிய வெள்ளைத் தடம்.
எல்லாமே நனைந்த கையுறையின் கனம்.
படிவத்தில் சுழியம், சுழியம், சுழியம்.
மயக்க மருத்துவர் ரைடோ வானொலியில்
பனிச்சறுக்குப் போட்டி கேட்பார்.
"காலி வீட்டின் கதவைத் தட்டி
வாடகை கேட்கிறாய்" என்பார் என்னிடம்.

முப்பத்தொன்று: ஹெல்வே ராவ்ட்லா, ஐம்பத்தாறு,
நகரப் பேருந்து ஓட்டுநர். பித்தப்பை.
பதினான்காம் நிமிடம்.
"ஹெல்வே, நான் பேசுவது கேட்டால்
என் கையை அழுத்துங்கள்."

அழுத்தினார்.

திரையில் மூளையின் ஆழம் நாற்பத்தொன்று:
தூங்குகிறார் என்று அது சத்தியம் செய்தது.
ரைடோ வானொலியை அணைத்தார்.

"வலித்தால் இரண்டு முறை அழுத்துங்கள்."

ஒரு முறை.
இரண்டாவதற்குக் காத்திருந்தேன்.
இரண்டாவது வர
முதலாவது முடிய வேண்டுமே.
முடியவில்லை.
அவர் விடவில்லை.

ரைடோ மருந்தைக் கூட்டினார்.
நாற்பது விநாடி.
விரல்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின,
சுண்டுவிரல் கடைசியாக.

படிவத்தில் ஒன்றுக்கு ஒரு கட்டம், இரண்டுக்கு ஒன்று,
இல்லை என்பதற்கும் ஒன்று உண்டு.
பிடித்துக்கொண்டே இருந்ததற்கு இல்லை.

மாலையில் வழக்கமான கேள்விகள்.
தூங்குமுன் கடைசியாக?
"விளக்குக்குள் ஒரு செத்த ஈ."
விழித்ததும் முதலில்?
"யாரோ இருமினார்கள்."
இடையில்?
"இடையிலா? ஈ, அப்புறம் இருமல். இடையே இல்லை."
மிகவும் சிரமமாக இருந்தது?
"தொண்டை. அதைவிட, நீங்கள் கொடுத்த டீ."

ஏழாம் நாள் தொலைபேசியில் மறுபடியும் அதே ஈ,
அதே இருமல்.
"நான் ஏதாவது உளறினேனா?"
இல்லை என்றேன். பொய் இல்லை.
ஆனாலும் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

தன்மை, முன்னிலை, படர்க்கை என்று
பள்ளியில் படித்ததோடு சரி.
ஹெல்வே சொல்கிற நானுக்குள்
அந்த நாற்பது விநாடி இல்லை.
என் ஆய்வறிக்கையில் அவர் படர்க்கை, எண் 31.
அப்படியானால் மேஜையில் கிடந்தது வெறும் முன்னிலை:
கூப்பிட்டால் திரும்பும்,
தன்னை நான் என்று சொல்லிக்கொள்ளாத
ஒரு நீங்கள்.
அவரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது?
எந்த முகவரியில்?
ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டது அதே கைதான்.
ஆள்தான் அதே ஆளா, தெரியவில்லை.

மார்ச்சில் ஒருநாள் அவர் ஓட்டும் பேருந்தில் ஏறினேன்.
முகக்கவசம் இல்லாத என்னை அடையாளம் தெரியவில்லை,
எல்லோருக்கும் ஆட்டும் தலையை எனக்கும் ஆட்டினார்.
திருப்பத்தில் ஸ்டியரிங்கை அவர் பிடித்த பிடி
எனக்குத் தெரிந்த பிடி.
இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கினேன்,
திரும்ப நடக்க வேண்டியிருந்தது.

இப்போதெல்லாம் கேட்பதற்கு முன்
வெந்நீர்க் குழாயில் கையைச் சூடாக்கிக்கொள்கிறேன்.
ஆய்வு நெறிமுறையில் அது இல்லை.
பனிச்சறுக்குப் பருவம் முடிந்துவிட்டது என்கிறார் ரைடோ,
வானொலி போடாததற்குக் காரணமாக.

நாற்பத்தேழு. கை சிறியது, நகம் கடித்தது.
பட்டை இறுகுகிறது. மருந்து ஏறுகிறது.
"கால்யு,
நான் பேசுவது கேட்டால்