மிகைச் சுமை

லாரிகளை எடைபோடுவது என் உத்தியோகம்.
ஜாவாவின் வடகரைச் சாலையில்,
அலாஸ் ரோபான் காட்டுச் சரிவுக்குச் சற்று முன்னால்
தரையோடு தரையாய்ப் பதித்த இரும்புத் தட்டு.
ஏறி நின்றால் எண் சொல்லும்.
வேறெதுவும் சொல்லாது.

எனக்கும் ஒருமுறை
மிகைச் சுமை என்று தீர்ப்பானது.

பிறந்தபோது நான் ஒன்றேமுக்கால் கிலோ.
அப்பா வைத்த பெயர்
ஜகத் வீரயுத சூர்யநிங்ராட்.
ஓர் உலகம், ஒரு போர்வீரன்,
போதாததற்குச் சூரியன்.
சர்க்கரை ஆலையில் மூட்டை எண்ணுகிறவர் அவர்.
எண்ணிய எதுவும் அவருடையதில்லை.
முதலாளி மகனிடம் ஒன்று,
ராணுவ முகாம் பெயர்ப்பலகையில் ஒன்று,
ரேடியோவில் கேட்டது ஒன்று
என்று கடன் வாங்கி எனக்குக் கட்டினார்.
வட்டியில்லாத கடன் அது ஒன்றுதான் அவருக்கு.

மூன்று வயதுவரை மாதம் ஒரு காய்ச்சல்.
ஊசிக்குத் தொடையில் இடமில்லை.
ஆஸ்பத்திரிச் சீட்டில் என் பெயர்
தன் கட்டத்தைத் தாண்டி
நோயின் பெயருக்கான கட்டத்திலும் போய் உட்கார்ந்திருந்தது.

பிள்ளைக்குப் பெயர் கனக்கிறது என்றார்கள்.
எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்வதுண்டு.
அம்மா வாதாடவில்லை.
வெள்ளைக் கூழ் ஒரு சட்டி,
பனைவெல்லம் போட்ட சிவப்புக் கூழ் ஒரு சட்டி.
பதினொரு வீட்டாரைக் கூப்பிட்டு உட்காரவைத்து
"இன்றிலிருந்து இவன் வாரஸ்" என்றாள்.
குணமானவன் என்று அர்த்தம்.
குணமாவதற்கு முன்பே வைத்த பெயர்.
அப்பா இரண்டு கிண்ணம் கூழ் குடித்தார்,
ஒரு வார்த்தை பேசவில்லை.

காய்ச்சல் போனது பெயராலா,
அந்த வாரம் டாக்டர் மாற்றிக்கொடுத்த மருந்தாலா
என்பது அம்மாவிடம் கேட்கக்கூடாத கேள்வி.

இப்போது தொண்ணூற்றாறு கிலோ.
லாரி வராத பின்னிரவுகளில்
தட்டில் ஏறி நின்றிருக்கிறேன்.
இருபது இருபதாய் எண்ணும் இயந்திரம்
நூறு என்று காட்டும்.
மீதி நாலு கிலோ யாருடையது என்று
இறங்கிய பிறகும் யோசிப்பேன்.

போன வியாழன், மழை விட்ட நேரம்,
ப்ரெபெஸ் வெங்காயம் ஏற்றிய லாரி ஒன்று.
இரண்டு டன் கூடுதல்.
ஓட்டுநர் ஒல்லி; கழுத்தில் ஈரத்துண்டு.
உரிமத்தை நீட்டினான்.
ஜகத் சூர்யநிங்ராட்.
போர்வீரன் மட்டும் இல்லை.

கேட்கக்கூடாதுதான், கேட்டுவிட்டேன்:
"கனமாக இல்லையா?"
"வெங்காயமா?"
"பெயர்."
சிரித்தான். முன்பல் ஒன்று பாதி.
"யார் சார் கூப்பிடுகிறார்கள்?
வீட்டிலும் சிலிக், வண்டியிலும் சிலிக்."
சிலிக் என்றால் பொடியன்.
"அது பேருக்கு ஒரு பேர்.
போலீஸ் கேட்டால் மட்டும் எடுப்பேன்."
அத்தனை பெரிய உலகத்தை
பீடிக்கட்டுக்கும் டீசல் ரசீதுக்கும் நடுவே
மடித்து வைத்திருக்கிறான்,
முதுகில் ஏற்றிக்கொள்ளவே இல்லை.

அபராதச் சீட்டு எழுதினேன்.
ஜகத்
என்று தொடங்கிய பிறகு
கை என்னைக் கேட்கவில்லை.
முப்பத்தைந்து வருடம் எழுதாத பெயரை
ஒரு தயக்கமின்றி, நடுவில் வீரயுத உட்பட,
எழுதி முடித்துவிட்டது.

அடித்தேன்.
சீட்டை விளக்கில் பிடித்துப் பார்த்து
"இவன் யார் நடுவில்?" என்றான் சிலிக்.
"கை தவறியது."
"வண்டியில் நான் ஒரு ஆள்தான் சார்,
அதற்கும் சேர்த்து எடை போடாதீர்கள்."

இறக்கியது நாற்பது மூட்டை.
மீதியோடு முதல் கியரில் முனகிச்
சரிவில் ஏறினான்.
சீட்டின் அடியில் என் கையெழுத்து:
வாரஸ்.
கட்டத்துக்குள் அடங்கிய, சிக்கனமான பெயர்.

விடிந்து கோப்பில் சேர்க்கும்போது பார்த்தேன்.
கார்பன் நகலில்
நான் அடித்த கோடு பதியவேயில்லை.