மறுபடி ஒன்று

தூத்துக்குடி பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்,
காற்றடைத்துக் கட்டிய பையில் இரண்டு மஞ்சள் மீன்.
கண்டக்டர் கேட்டார், "குழம்புக்கா?"

குளியலறை ஓரம் வெறுந்தொட்டி.
மணல் கிடையாது, கல் கிடையாது,
ஒளிந்துகொள்ள இரண்டு முழங்கைக் குழாய்,
உவரியில் அள்ளிய கேன் தண்ணீர்.
எதிர்வீட்டு எப்சிபா எட்டிப் பார்த்தாள்:
"மீனுக்குமா ஜெயிலு?"
சென்ட்ரல் ஜெயில் மதிலுக்குப் பின்தெருவில் இருந்துகொண்டு
இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

எங்கள் ஆற்றுக்குப் பேரிலேயே தாமிரம்.
குடம் குடமாய்க் குடித்தோம், ஒன்றும் செய்ததில்லை.
இங்கே அது சொட்டுக் கணக்கு.
குறைந்தால் வெண்புள்ளி பிழைத்துக்கொள்ளும்,
கூடினால் மீன் போய்விடும்.
ராத்திரி பதினொரு மணிக்குச்
சோதனைக் குப்பியை டியூப்லைட்டில் பிடித்து
நீலத்தோடு நீலம் ஒத்துப்பார்க்கிறேன்.

ஒன்பதாம் நாள் பெரியது செத்தது,
மேலெல்லாம் தூள் உப்பு தூவினாற்போல.
சின்னது குழாயை விட்டு வந்து
அது நின்ற இடத்தில் நின்றது.
காலண்டரில் ஒன்பது நாளையும் அடித்துவிட்டு
மறுபடி ஒன்று என்று எழுதினேன்.

ஹாலில் பெரிய தொட்டி.
நாலு வருஷத்துக் கோமாளி மீன்கள் இரண்டும்
கடல்சாமந்திக்குள் புரள்கின்றன, சேதி தெரியாமல்.
கையை இரண்டு தடவை கழுவி
ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் போகிறேன்.

பதினாலாம் நாள் கரண்ட் போயிற்று.
பேட்டரி பம்பு மட்டும் முணுமுணுத்தது.
டார்ச் அடித்தேன்:
சின்னது இறால் துணுக்கைக் கவ்வியது,
துப்பியது,
யோசித்து
மறுபடி கவ்வியது.