இரண்டாம் நாள், ஒலுமடு

விடிய முதல் வேலை காலைப் பார்ப்பது.
பெருவிரல் கொப்புளம் இரவில் உடைந்து
காலுறையோடு ஒட்டிக் கிடக்கிறது.
தண்ணீர் விட்டு ஊறவைத்து
மெல்ல உரிக்கிறேன்,
பழைய கடிதத்தில் முத்திரை கழற்றுவதுபோல.

பிறகு கணக்கு.
தண்ணீர் ஒன்றரை லீற்றர்.
கிறீம் கிறாக்கர் ஒன்பது.
மத்தியானத்துக்குள் மாங்குளம்.

பாலை மரத்தடியில் யானை லத்தி,
ஆவி இன்னும் அடங்கவில்லை.
நின்றேன். கைதட்டினேன்.
காடு பதிலுக்குத் தட்டவில்லை.

மறிக்காமலே இரண்டு பஸ் நின்றது.
"ஏறுங்கோ, காசு வேண்டாம்."
உழவு இயந்திரக்காரன் வேகம் குறைத்துக் கேட்டான்:
"ஆரும் செத்திட்டினமோ?"
"இல்லை, சும்மா நடக்கிறன்."
சும்மா என்ற சொல்லை
செல்லாக்காசைப் போல
அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

கேமலதா கடையில் பிளேன்ரீ.
என் பையை ஒற்றைக் கையால் தூக்கினாள்.
"பதினொரு கிலோ வரும்.
என்ர பெடியன் அப்ப பன்னிரண்டு."
எப்ப என்று நான் கேட்கவில்லை.
இதே ரோட்டுத்தான்,
நான் வந்த பக்கம் நோக்கி.

"இப்ப அவருக்குச்
சந்திக்குப் போகவும் மோட்டச்சைக்கிள் வேணும்"
என்று சிரித்து
இன்னொரு கரண்டி சீனி போட்டாள்.

தோளில் பையை மாட்டினேன்.
"நில்லுங்கோ" என்றாள்.
பின்னால் ஊசி குத்திக் காயப்போட்டிருந்த காலுறையைக்
கழற்றி,
ஈரப்பக்கம் வெயிலுக்கு வரும்படி
மறுபடி குத்திவிட்டாள்.